வட்டு சுழியம், பகுதி மூன்று

ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.
பேட்டரி செத்து மூன்று வருடம்,
சுவரில் செருகிய வயர்தான் இதன் உயிர்.
ஆற்றுப் பக்கம் இடி இறங்கினால்
எங்கள் தாமானில் முதலில் போவது கரண்ட்.
தெரிந்தேதான் தொடங்கினேன்.

வேறு இரவு கிடையாது.
நாளை எனக்கு இரட்டை ஷிப்ட்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
ஆலை வாசலில் விடிய விடிய நிற்கும்.
பாரத்தோடு ஒரு தரம்,
இறக்கிவிட்டு ஒரு தரம்
நிறுத்து, வித்தியாசத்தை எழுதுவது என் வேலை.

இந்த மடிக்கணினி
திறந்ததும் ஏழு நிமிடம் யோசிக்கும்.
பிறகு சொல்லும்: நல்வரவு, பிரதாபன்.
அவர் போய் நான்கு வருடம்.
முப்பத்தாறு தவணையில்
இருபத்தொன்று நான் கட்டியது.
நல்வரவு என்னவோ அவருக்கு.

வீட்டில் விரலி ஒன்றுதான்.
அதைக் காலி செய்து நிறுவியை ஏற்றுமுன்
வேண்டியதைக் கைப்பேசிக்கு மாற்றினேன்:
இ.பி.எஃப். கணக்கு,
வாடகை ஒப்பந்தம்,
பாதியில் நின்ற ஒரு புகார்க் கடிதம்,
யாழரசியின் பாலர்பள்ளிப் படங்கள்
(எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருக்கிறாள்).
'புதிய கோப்புறை 3' என்று ஒன்று இருந்தது.
திறக்கவில்லை.
மாற்றவுமில்லை.

எஃப் பன்னிரண்டு. வரவில்லை.
மறுபடி அணைத்து, மறுபடி.
காஸ் அடுப்பு லைட்டரைத் தட்டுவதுபோல்
தட்டித் தட்டி
ஒருவழியாய் அந்த நீலம்.

வட்டு சுழியம், பகுதி ஒன்று.
வட்டு சுழியம், பகுதி இரண்டு.
பாகம் பிரித்த நிலம்போல் பட்டியல்.
மூன்றாவதுதான் பெரியது,
எங்கள் பதினொரு வருடமும் அதில்தான்.
இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்றது.
நீதிமன்றத்தில்கூட
யோசித்து வர மூன்று தேதி கொடுத்தார்கள்.

சரி.

அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்றுவிட்டது.
விளக்கு ஒரு தரம் இமைத்தது.
போய் வயரைப் பிடித்துக்கொண்டேன்,
பிடித்தால் கரண்ட் ஓடிவிடாது என்பதுபோல.
முன்வீட்டு நாய் மேசைக்கடியில் புகுந்த சத்தம்
இங்கே கேட்டது.
அறுபத்து நான்கு.
அறுபத்து நான்கு.
மகள் தூக்கத்தில் புரண்டு, அம்மா மணி என்ன என்றாள்.
அறுபத்தைந்து என்றேன்.

பிறகு கேள்விகள்.
எந்த மொழி, எந்த நாடு, எந்த ஊர் நேரம்.
கோலாலம்பூரும் சிங்கப்பூரும் ஒரே வரியில் இருந்தன.
பெஸ்தாரி ஜெயா இல்லை.
போர்டில் பெயர் மாறி எத்தனையோ வருடம்,
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள்.

யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றது.
என் பெயர் எஸ்ஸில் தொடங்கும்.
அந்தக் கட்டை உதிர்ந்து ரப்பர் மொட்டுதான் மிச்சம்.
பேனா மூடியால் குத்தி
சுகந்தினி என்று எழுதி முடித்தேன்.

தேதி மட்டும் தப்பு.
உள்ளே ஏதோ பொத்தான் பேட்டரியும் செத்திருக்க வேண்டும்:
ஒன்று, ஜனவரி, இரண்டாயிரத்து ஒன்பது.
அப்போது நான் பிரதாபனைப் பார்த்ததேயில்லை.
பந்திங்கில் அக்காள் வீட்டில் இருந்தேன்,
ஸ்கூட்டர் லைசன்ஸுக்கு இரண்டாம் தரம் போய்
அதிலும் தோற்றிருந்தேன்.
திருத்தாமல் இரண்டு நிமிடம்
அங்கேயே விட்டுவைத்தேன்.

ஆனால் இணையம் அந்த வருடத்தை நம்பவில்லை.
திருத்தினேன்.
வைஃபைக்கு டிரைவர் இல்லை என்றது அடுத்து.
டிரைவர் எங்கே என்றால், இணையத்தில்.
நள்ளிரவு தாண்டிய நேரம், தனியாகச் சிரித்தேன்.
கைப்பேசியை வயரில் கட்டி
அதன் வழியே இழுத்தேன்.

எல்லாம் முடிந்து திரை வெறிச்சென்று இருந்தது.
பால் காய்ச்சாத வீட்டில்
முதல் ஆளாய்க் குடிவந்திருந்தது
குப்பைத் தொட்டி.

மின்விசிறி பழையபடியே இரைந்தது.
மூடினேன்.
வயரைப் பிடுங்கி, இரண்டு கையாலும்
தூக்கிப் பார்த்தேன்,
பழக்கம்.
அதே பாரம்தான்.