சொரசொரப்பு

ஆற்றை முதலில் அறுக்க வேண்டும்,
மீன்கடையில் ஷாட் அறுப்பதுபோல் குறுக்காக.
ஒவ்வொரு துண்டிலும் கரை, படுகை, கரை.
உம்கேனியில் போய் விழும் பால்மியட் ஓடையை
நூற்றுப் பன்னிரண்டு துண்டாக்கி
மாநகராட்சியின் ஆறாவது மாடியில்
திரையில் அடுக்கி வைத்திருந்தேன்.

பிறகு துண்டுக்கு ஓர் எண்.
தண்ணீர் எதில் எவ்வளவு உரசும் என்கிற எண்.
சிமெண்டு வாய்க்கால் 0.015.
கூழாங்கல் 0.04.
நாணலும் அதில் சிக்கிய டயரும் 0.08.
வீடுகள் நெருங்கியிருந்தால் 0.15 போடு
என்றது அட்டவணை.
தகரத்தாலும் தேர்தல் தட்டியாலும் எழுப்பியது
வீடா முட்புதரா,
அதை அட்டவணை சொல்லவில்லை.
0.15 போட்டேன்.
தலைக்கணக்கில் விட்டுப்போனவர்களை
உராய்வுக் கணக்கில் சேர்த்தது இந்தக் கைதான்.

மாடல் ஓடியது. நீலம் பரவி நின்றது.
அறுபத்தேழாம் துண்டில் ஆழம்
ஒன்று புள்ளி இரண்டு.
சரிபார்க்கக் கிளம்பினோம்,
நானும், மட்டக்கோல் தூக்கிய கூஸ்வாயோவும்.

கெத்திவே படத்தைப் பார்க்கவில்லை.
தன் பிரிட்ஜைக் காட்டினாள்.
வெள்ளைக் கதவில் பழுப்புக் கோடு,
கொத்தனார் நூல் பிடித்ததுபோல் நேராக.
கோலை நிறுத்தி வாசித்தோம்.
என் கணக்குக்கு மேலே
அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

"பிரிட்ஜ் மிதந்திருக்கும்," என்றேன்.
"மிதக்காது. தூணோடு கம்பி போட்டுக் கட்டியிருந்தேன்.
ஐந்து தவணை பாக்கி."

அறிக்கையில் அதன் பெயர் பிழை.
நாலு வயதுப் பிள்ளைக்கு
முழங்காலிலிருந்து மூக்குவரை.

"பாலத்தடியில் என்ன நடந்தது?"
"முதலில் மூங்கில் வந்தது.
அப்புறம் மெத்தைகள்.
அப்புறம் ஒரு கோழிக்கூடு, கோழிகளோடு.
அத்தோடு பாலம் வாயை மூடிக்கொண்டது."

என் மாடலில் மூன்று மதகும் திறந்தே இருந்தன.
வரைபடத்தில் அப்படித்தான்.
கோழிக்கூட்டுக்கு எண் கிடையாது.

திரும்பி வந்து இரண்டு மதகை அடைத்தேன்.
சமன்பாடு நெடுநேரம் தள்ளாடியது,
ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பொய் குறைத்து,
கடைசியில் பிரிட்ஜின் கோட்டில் வந்து நின்றது.
கூஸ்வாயோ மேசையைத் தட்டினான்.
எனக்குக் கை எழவில்லை.

ஏனென்றால் மேலே, ரிசர்வாயர் ஹில்ஸ் சரிவில்,
இரண்டாவது காருக்காகப்
புல்லைப் பெயர்த்துக் கல் பாவியது நான்.
வழிந்தோடும் கெழு: புல் 0.3, கல் 0.9.
என் முற்றம் குடிக்காத தண்ணீர்
அந்தக் கோட்டில் எத்தனை மயிரிழை என்று
ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.
விடை மிகச் சிறியது.
பூஜ்யம் இல்லை.

"இது நூறாண்டு வெள்ளம்," என்று
மறுமுறை போனபோது சொன்னேன்.
"அப்படியானால் இன்னும் தொண்ணூற்றெட்டு வருஷம்
நிம்மதியாகத் தூங்கலாம்," என்றாள்.
இல்லையம்மா, ஒவ்வொரு வருஷமும்
நூறு சீட்டுக் குலுக்கி
ஒன்றை எடுப்பதுபோல.
எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிடுவார்கள்.
"யார் போடுவது?"
அதற்கு என்னிடம் துண்டு இல்லை.

வரைபடம் அச்சாகி வந்தது.
கோட்டுக்குள் கட்டக் கூடாது என்று எழுதியிருந்தது.
எங்கே கட்டலாம் என்பதற்கு
ஓரத்தில் இடம் போதவில்லை.

வாக்களித்தபடி என் நம்பரைக் கொடுத்தேன்.
மேல் பாலத்து மானி சிவந்தால்
நான் செய்தி அனுப்புவேன்.

நேற்றிரவு இரண்டு பத்துக்குப் போன் துடித்தது.
மானி இன்னும் பச்சையில்தான் இருந்தது.
அவள்தான் அனுப்பியிருந்தாள், ஒரே வரி:
மூங்கில் வர ஆரம்பித்துவிட்டது.