தெற்குப் பொட்டு

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
மீனாட்சிபுரம் வீட்டில் சகதி அள்ளும்போதுதான் பார்த்தேன்.
பெயிண்ட் வாளியில், ஜன்னல் கம்பியோடு கட்டியபடி
நிமிர்ந்தே நின்றது தூண்கள்ளி.
அடியைத் தொட்டேன்.
பழுத்த பப்பாளிக்குள் போவதுபோல்
விரல் உள்ளே போனது.

கன்று தந்தவர்
மேலப்பாளையம் லேத்துப் பட்டறை மைதீன் பிச்சை.
போன் போட்டேன்.
"அறுத்துரும் வே.
அதுக்கு முன்ன தெக்குப் பக்கம் எதுன்னு குறிச்சுக்கிடும்.
வெயில் தின்னு தடிச்ச தோலு அது.
மாத்தி நட்டீர்னா வெந்துபோவும்."

கோமுவின் நகப்பூச்சை எடுத்து
ஆறு விலாவில் தெற்கு பார்த்த ஒன்றுக்கு
சிவப்பாய் ஒரு பொட்டு வைத்தேன்.

ரம்பம் போட்டால் நடுவில் பழுப்பு வளையம்.
நாலு விரற்கடை மேலே போனேன். பழுப்பு.
இன்னும் மேலே.
வெட்டுமுகம் வெள்ளரியாய் வெளுத்தபோது
என் இடுப்புயரம்தான் மிச்சம்.

அன்றைக்கே நடப்போனேன்.
"காயத்தோட மண்ணுல வைக்காதீரும்" என்றார்.

மூன்று வாரம் மாடிப்படிக்கு அடியில், நிழலில், நின்றவாக்கில்.
(படுக்கப் போட்டால் வளைந்துவிடுமாம்.)
நிவாரணப் பட்டியலில் பேர் தேடி
தாலுகா ஆபீஸ் போய் வந்த மூன்று வாரம்.
சுவரில் வெடிப்பு, காலி பண்ணுங்கள் என்று
வீட்டுக்காரர் சொன்னதும் அதற்குள்தான்.
வெட்டுவாய் உலர்ந்து உள்வாங்கி
சுண்டினால் தோல்மேளமாய்ச் சத்தம் கேட்டது.

வள்ளியூருக்கு டெம்போவில்
கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடுவே
சாக்குச் சுற்றி வந்தது.
திசையன்விளைத் தேரிமண் இரண்டு சட்டி,
செங்கல் நொறுக்கு ஒரு சட்டி,
ஆட்டுப்புழுக்கை ஒரு கை.
இரண்டு விரல் ஆழம் போதும்;
மூன்று உடைக்கம்பு ஊன்றி
பழைய வேட்டிக் கிழிசலால் கட்டினேன்.
பத்து நாள் சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.
அந்த வருஷம் அது ஒன்றும் எனக்குக் கஷ்டமாக இல்லை.

புது வீட்டுக்காரி ஞானசெல்வம் அக்கா
"கள்ளி வீட்டுக்கு ஆகாதுல்லா" என்றாள்.
வீட்டுக்குள்ளா வைத்தேன், மொட்டைமாடியில்தானே.

ஆடி வந்தது.
காற்றாலைகள் சுற்றிய சுற்றில்
கோமுவின் யூனிபார்ம் மூன்று தெரு தாண்டிப் போனது.
கள்ளியை லேசாக அசைத்துப் பார்த்தேன்.
அசைய மறுத்தது. வேர்.

பூ? இல்லை, இன்னும் இல்லை.
வருஷம் ஆகும் என்கிறார் பிச்சை,
ராத்திரியில்தான் பூக்கும், தூங்கிவிடாதீரும் என்கிறார்.

வந்து எட்டு மாதமாகியும்
இந்த ஊரில் எனக்குத் திக்குத் தெரியவில்லை.
கரண்ட் போன ராத்திரிகளில் மாடி ஏறி
முள்ளுக்கு நடுவே விரல் விட்டு
அந்தப் பொட்டைத் தடவுகிறேன்.
கடல் இந்தப் பக்கம்.
அப்படியானால்
ஆறு எனக்குப் பின்னால் இருக்கிறது,
முப்பது மைலுக்கு அப்பால்.