டி/ஓ ரெத்தினசபாபதி, 2019

அடைப்புக்குள் தடித்த கேள்விக்குறி.
நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும்
கொசு உட்கார்ந்த மாதிரி.
உலு பாண்டான் கால்வாயில் மழை விட்டபின்னும்
நாற்பது நிமிடம் நீர் ஏறுகிறது
என்று எழுதியிருக்கிறேன்.
யார் சொன்னது? கேள்விக்குறி.
எந்த வருடம்? கேள்விக்குறி.

மணி ஒன்றே முக்கால்.
காலை ஒன்பதுக்குள் ஆய்வேட்டை ஏற்றியாக வேண்டும்.
லேடெக்கை ஓட்டினேன்
பிப்டெக்கை ஓட்டினேன்
மறுபடி லேடெக், இன்னொரு தரம் லேடெக்.
நாலு முறை கூப்பிட்டால்தான் திரும்பும் ஆள் அது.
திரும்பவில்லை.
துணைக்கோப்புகளை அழித்தேன்.
கோப்பி ஓ கோசோங் ஆறி, மேலே ஒரு எறும்பு.

கடைசியில்
முந்நூற்றுப் பதினேழாம் வரியில்
ஒரு காற்புள்ளி இல்லை.
சே.

போட்டதும் எல்லாரும் வந்துவிட்டார்கள்.
வந்த கோலத்தைப் பார்க்கவேண்டுமே!
கோ சியூ லியன் அம்மையார்
கோவை வாசலில் விட்டுவிட்டு வெறும் லியனாக.
ரொஹாயாவைக் காணோம்
பிந்தே சுலைமான் நிற்கிறார்.
நான்காம் அத்தியாயத்தில் நான்:
டி/ஓ ரெத்தினசபாபதி, 2019.

மேகலா போய்விட்டாள்.
மகள் என்கிற வேலை மட்டும் மிச்சம்.

சின்ன எழுத்தில் ஒரு துண்டு நடுவே வந்தால்
ஐரோப்பாவில் எங்கோ கோட்டை வைத்திருக்கும்
பிரபு வம்சம் என்று நிரல் நினைத்துக்கொள்கிறதாம்.
நூற்பட்டியலில்
டி எழுத்தின் கீழ் மகள்கள் எல்லாரும்
எஸ்ஸின் கீழ் மகன்கள்
பள்ளி அசெம்ப்ளி போல அணிவகுத்திருக்கிறோம்.
பாசிர் பாஞ்சாங் முனையத்தில்
இரவுப் பணியில் பாரந்தூக்கி ஓட்டும் அப்பாவுக்கு
தான் பிரபு என்று தெரியாது.
கால்வாய் பற்றிக் கட்டுரை எழுதியதும் தெரியாது.
ஃபோர் டி சீட்டில் எண்களைத் தவிர
அவர் எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை.
இதுவும் நாலு இலக்கம்தான், அப்பா.
இரண்டு சுழியம் ஒன்று ஒன்பது.
விழுந்திருக்கிறது.

பெயரைச் சுற்றி
இன்னொரு சோடி நெளிவு அடைப்பு போட்டால் போதும்.
பிரிக்காதே என்று அர்த்தம்.
லியனுக்குக் கோவைத் திருப்பிக் கொடுத்தேன்.
ரொஹாயாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.
பிறகு என்னை.

மேகலா டி/ஓ ரெத்தினசபாபதி, 2019.

இவ்வளவு நீளத்தை எங்கே ஒடிப்பது என்று தெரியாமல்
வரி ஓரத்தைத் தாண்டி
பதினோரு புள்ளி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.
வாக்கியத்தை மாற்றிப் பார்த்தேன்.
கால்வாயை முன்னால் கொண்டுவந்தேன்
மழையைப் பின்னால் தள்ளினேன்.
எட்டுப் புள்ளி.

ஜன்னலுக்கு வெளியே முனையத்தின் விளக்குகள்.
எது அவருடையது என்று
பதினோராம் மாடியிலிருந்து சொல்ல முடியாது.

பிழை இல்லை, எச்சரிக்கைதான்.
ஏற்றிவிட்டேன்.