கேள்வி பதினான்கு

கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாள்
என்று கேட்கச் சொல்கிறது தாள்.
நாளாக்கா, ராத்திரியாக்கா? என்கிறான் மாதேஷ்.
தாளில் அதற்குக் கட்டமில்லை.

கடைசி ஓமலூர் வண்டி போன பிறகுதான்
பழைய பஸ் ஸ்டாண்டில் எங்கள் நேர்காணல்.
பகலில் இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை,
பட்டால் போலீஸ் கண்ணில்.
தட்டுவடைக் கடைக்காரர் பாத்திரம் கழுவி ஊற்ற
பீட்ரூட் துருவலோடு சிவப்பாக வருகிறது தண்ணீர்.
பையத் தூக்குங்க, நனையுது
என்கிறான் எனக்கு.

வயது?
பதினெட்டு முடிந்திருந்தால்தான் ஆய்வில் சேர்க்கலாம்
இல்லாவிட்டால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.
அப்ப பதினெட்டுன்னு போட்டுக்கோங்க.
எப்போதிலிருந்து பதினெட்டு?
நீங்க சொன்னதுல இருந்து.
போட்டேன்.
மீசை இன்னும் பென்சிலால் வரைந்ததுபோலத்தான் இருந்தது.

ஒப்புதல் படிவம் இரண்டு பிரதி.
ஒன்று எனக்கு. ஒன்று உனக்கு, பத்திரமாக வைத்துக்கொள்.
எங்க வெச்சுக்கறது?
கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான்.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்
அரைமணி நேரத்தில் அதை வைத்து
கொசு விரட்டிக்கொண்டிருந்தான்.

கரைப்பான் முகர்தல் என்கிறது தாள்.
சொல்யூசன் என்கிறான் அவன்.
செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
பன்னிரண்டு வயதில் பற்றவைக்கப் பழகியவன்.
ஆசிட் நெடியில் மூக்கு ஏற்கனவே செத்துருச்சுக்கா
இதெல்லாம் சும்மா.
பயன்படுத்தும் காரணம்:
ஆர்வம், நண்பர் வற்புறுத்தல், குடும்பப் பிரச்சினை, மற்றவை.
மற்றவைக்கு ஓர் அங்குலக் கோடு.
அவன் சொன்னபடியே எழுதினேன்:
கொசு கடிக்கறது தெரியாது.
கொசுவுக்குக் குறியீட்டு எண் கிடையாது என்று
அலுவலகத்தில் அதை
மூன்றாக மாற்றினார்கள். குடும்பப் பிரச்சினை.

ஜங்ஷனில் பிலோமினா.
ஏற்காடு எக்ஸ்பிரஸ் போனதும் நடைமேடை காலியாகும்
அதற்கப்புறம்தான் பயமே என்றாள்.
யாரோ விட்டுப்போன குவார்ட்டரின் அடியில் மிச்சமிருந்ததை
வாயில் ஊற்றிக் கொப்பளித்துத்
துப்பிவிட்டு, கொஞ்சம் தாவணியிலும் தெளித்துக்கொண்டு
சுவரோரம் படுப்பாள்.
நாத்தம் அடிச்சா கிட்ட வர மாட்டானுங்க.
மது அருந்துகிறீர்களா: ஆம், இல்லை.
பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது.
ஆமான்னு போடுங்க, என்றாள்,
இல்லைன்னா நீங்க சோப்பு தர மாட்டீங்க.

ஆமாம், சோப்பு.
பணமாகக் கொடுத்தால் தப்பான வழியில் போகும் என்று
நெறிமுறைக் குழு சோப்பும் துண்டும் அனுமதித்திருந்தது.
மாதேஷ் தன் சோப்பைப் பத்து ரூபாய்க்கு
தட்டுவடைக் கடைக்காரரிடமே விற்றான்.
என் கண்முன்னாலேதான்.
இரண்டு செட் வாங்கி
ஒன்றை என்னிடம் நீட்டினான்.
பங்கேற்பாளரிடம் எதுவும் வாங்கக் கூடாது.
காரம் அதிகமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுநேர்காணல்.
லீ பஜாரில் மாம்பழக் கூடைகள் இறங்கும் பருவம்
வைக்கோல் சும்மா கிடைக்கும்,
பையன்கள் தூங்க இடம் மாற்றியிருந்தார்கள்.
பிலோமினா இருந்தாள், என்னைத் தெரியாததுபோல் இருந்தாள்.
மாதேஷா? ஏற்காட்டுல சீசனாச்சே,
லாட்ஜுல பாத்திரம் கழுவப் போயிட்டான், என்றான் ஒருவன்.
ஜி.எச்.சில படுத்திருக்கான், என்றான் இன்னொருவன்.
பஞ்சர் கடைக்காரர் திருமணிமுத்தாற்றுப் பாலத்தைக்
கையால் காட்டினார்
ஏன் காட்டினார் என்று சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எஸ் 27. பின்தொடர இயலவில்லை.
அறிக்கையில் இப்படிப் பதினொரு பேர்
ஏற்றுக்கொள்ளத்தக்க இழப்பு, என்றார் புள்ளியியல்காரர்,
நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

கடந்த முப்பது நாட்களில்
எத்தனை நாள் தேடினாய் என்று
எந்தத் தாளும் என்னைக் கேட்கவில்லை.
மூன்று.
மூன்றும் பகல்.