காதுவில்லை எண் 417

நோட்டீசில் விதிகளைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்,
பூச்சிமருந்து டப்பாவில் இருப்பதுபோல.
வயது பன்னிரண்டுக்கு மேல், பதினெட்டுக்குள்.
தொண்ணூறு நாளாவது தன் கையால் தீனி போட்டிருக்கவேண்டும்.
இருபத்தைந்து கிலோவுக்கு ஒரு கிராம் குறைந்தாலும்
வாசலோடு திரும்பிவிடவேண்டும்.
விற்பனைப் பிரிவில் சேர்த்த கிடா
வீடு திரும்பாது.
மற்றதற்கெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார்.
இந்த ஒரு வரிக்குக் கீழே
என் கையெழுத்து கேட்டிருந்தது.

பெயர் எழுதவேண்டாம், வில்லை எண் போதும்:
இது ஏழாம் விதி.
நல்லதாகப் போயிற்று என்று நானும் பெயர் வைக்கவில்லை.
ஏய், வேலியில் வாய் வைக்காதே.
ஏய், வைரவன் வீட்டு உளுந்தில் இறங்காதே,
அந்த ஆள் பஞ்சாயத்துக்குப் போவார்.
ஏய், போதும், விக்கும்.
மார்கழியில் பதினான்கு கிலோ.
தையில் அறுப்பு முடிந்த வயல், மாசியில் அகத்தி,
புண்ணாக்குக் கடையில் பாக்கி.
வெண்ணாற்றங்கரைக் கல்யாண முருங்கையில்
என் கைக்கு எட்டிய உயரம் வரை
இலையே கிடையாது.

முந்தின இரவு
நீடாமங்கலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் படுத்தோம்.
நெல்தூசியில் அது தும்மிக்கொண்டே இருந்தது.
காவலாளி டீ குடிக்கப் போனதும்
மூட்டைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன்.
இருபத்து நான்கு, அறுநூறு.

பக்கத்துப் பட்டியில் கொரடாச்சேரி நிதர்சன்.
அவன் மாமா ஒரு குழாயும் பெப்சி பாட்டிலும் கொண்டுவந்திருந்தார்.
"அரை லிட்டர், அரைக் கிலோ.
ஆறாம் வகுப்புக் கணக்குத்தானே," என்றான்,
மீதியை என் பக்கம் நீட்டி.
பதினொன்றாம் விதி:
குழாய் வழியே நீர் புகட்டக்கூடாது.
உப்புக் காட்டித் தாகம் மூட்டக்கூடாது.
வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

பங்குனிப் புழுக்கம்.
உள்ளங்கையெல்லாம் வேர்வை.
அது நக்கத் தொடங்கியபோது
எனக்குத் தூக்கம்.
பிறகு தெரிந்தது.
உப்புத்தாள்போல் அந்த நாக்கு
விரலிடுக்கெல்லாம் தேடியது.
தெரிந்த பிறகும்
கையை எடுக்கவில்லை.
ஒரு கை ஈரமானதும்
மற்றதைக் கொடுத்தேன்.

விடியலில் தானாகவே போய்
வாளியில் தலைவிட்டது.

"இருபத்தைந்து, நூறு," என்றார் ஆய்வாளர் குணவதி.
பேனா ஒரு சரி போட்டது.
நோட்டீசை மறுபடி எடுத்துப் படித்தேன்.
வேர்வையைப் பற்றி
எங்கும் ஒன்றுமில்லை.

வளையத்துக்குள்
நடுவருக்கும் ஆட்டுக்கும் நடுவே நிற்கக்கூடாது.
வாலைப் பிடிக்கக்கூடாது. அடிக்கக்கூடாது.
நடுவர் முதுகுத்தண்டில் விரல் ஓட்டினார்,
துணிக்கடையில் நெசவு பார்ப்பதுபோல.
பந்தலோரம் யாரோ டீக்காரப் பையனை
"ஏய்!" என்று கூப்பிட்டார்கள்.
நாற்பது கிடாக்களில்
ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது.
சனம் சிரித்தது.
நடுவர் எதையோ குறித்துக்கொண்டார்.

நிதர்சனுக்கு இரண்டாம் பரிசு.
எனக்கு ஓர் எவர்சில்வர் வாளி, ஆறுதலுக்கு.

ஏலம் கிலோ நானூற்று இருபதில் நின்றது.
எடுத்தவர் மன்னார்குடி கறிக்கடைக்காரர், ராசமாணிக்கம்.
அதட்டாத மனிதர்.
பத்தாயிரத்து ஐந்நூற்று நாற்பத்திரண்டு.
குழுக் கடனுக்கு ஆறாயிரம், புண்ணாக்குக்கு எழுநூறு.
இருநூற்றுப் பத்தை மட்டும்
தனியாக மடித்து வைத்தேன்.
அரைக் கிலோவின் விலை.
யாரிடம் கொடுப்பது என்றுதான்
விதிகளில் இல்லை.

கயிறு கொடுப்பதில்லை.
அதை யாரும் அச்சடிக்கவில்லை,
எல்லாச் சந்தையிலும் அப்படித்தான்.
அவர் வண்டியிலிருந்து புதுக்கயிறு எடுத்துக் கட்டினார்.
நான் பழையதை அவிழ்த்தேன்.
முடிச்சு இறுகிப்போயிருந்தது, நேரமாயிற்று.
அதற்குள் அது என் மணிக்கட்டை
இரண்டு தடவை நக்கிப் பார்த்தது.

ஆற்றுப்பாலத்தில் வாளி தொடையில் இடிக்க நடந்தேன்.
பின்னால் யாரோ யாரையோ
"ஏய்" என்றார்கள்.

திரும்பியது நான்.