ஆறரை

மூணு வாரம் காத்திருந்தேன் உங்கள் எழுத்துக்கு.
கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
விளையாட்டின் விலை நாலாயிரத்துச் சொச்சம்,
எனக்கு அது எட்டு நாள் கூலி.
அதனால் முதலில் உங்களைப் படித்தேன்,
பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு.

முதல் பத்தியில் உங்கள் ஊரில் மழை.
இரண்டாவதில் காப்பி ஆறிப்போனது.
மூன்றாவதில் யாரோ உங்களை விட்டுப் போனார்;
வருத்தம்தான், மெய்யாகவே.
நான்காவதில் இந்தத் தொழிலே அழுகிவிட்டது என்றீர்கள்.
இருக்கலாம்.
ஐந்தாவதில்தான் அந்தப் பெண் படகில் ஏறினாள்.
ஏறியவளை உடனே இறக்கிவிட்டு
உலகம் எப்படி இருக்கணும் என்று ஆரம்பித்தீர்கள்.

நான் கேட்டது மூன்றே விஷயம்.
ஆறு வருஷத்துப் பழைய பொட்டியில் இது ஓடுமா.
எழுத்து, என் சோடாபுட்டிக் கண்ணாடிக்கு
எட்டுகிற அளவில் இருக்குமா.
செல்லூரில் சொல்லாமல் கரண்ட் போகும்;
விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா
இல்லை, முதல்லேர்ந்து
அம்புட்டு மலையும் ஏறணுமா.

மூன்றுக்கும் பதில் இல்லை.
'அற்புதமான தோல்வி' என்று முடித்திருந்தீர்கள்.
அப்படியென்றால்
வாங்கலாமா, வேண்டாமா?
கீழே கட்டம் போட்டு
ஆறரை.

எங்கள் மண்டியில்
மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பார் குருந்தப்பன்.
"அழுகல் நூத்துக்கு அஞ்சு. தோல்ல ஈரம் இருக்கு.
நாலு நாள் தாங்கும், அஞ்சாம் நாள் என்னையக் கேக்காத."
அவ்வளவுதான்.
வெங்காயம் நசுங்கிய வாடையில்
தனக்கு யார் ஞாபகம் வந்தது என்று
நத்தத்து வியாபாரியிடம் அவர் ஆரம்பித்தால்
மூட்டை அப்படியே தலையில் இறங்கும்.
அவருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது, தினமும்.
துடைத்துக்கொண்டு எடை சொல்வார்.

சாந்தாராம் சிரித்தான்.
"புள்ளிய மட்டும் பாருடா மாப்ள,
மேல இருக்கத எவன் படிக்கிறான்?"
நான் படிக்கிறேனே.
யானைக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றபடி
ஒரு எழுத்து விடாமல்.

பாதிக் காசு அவன், பாதி நான்.
வாங்கிவிட்டோம்.

ஓடுகிறது. விசிறிச் சத்தம்
பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, ஆனாலும் ஓடுகிறது.
எழுத்து எறும்பு.
இரண்டாம் ராத்திரி கரண்ட் போனது.
ரெண்டு பத்துக்கு வந்தபோது
அவள் அதே பாறையில்
அதே ஈரத் தலையோடு நின்றிருந்தாள்.
இதை எழுத உங்களுக்கு
அரை வரி போதும் ஐயா.
அந்தக் காப்பியின் வரியிலிருந்து எடுத்திருக்கலாம்.

ஆற்றுப் பகுதி வீண் என்றீர்கள்.
நீளம், சோம்பல், ஒன்றும் நடப்பதில்லை.
ஆமாம், ஒன்றும் நடப்பதில்லை.
பகலெல்லாம் லாரி, ஹாரன், கூவல், பாக்கி.
பதினொரு ராத்திரி அந்தத் துடுப்பை மட்டும் தள்ளினேன்.
அவசரமாக முடித்து அனுப்ப வேண்டியவருக்கு
ஆறு நீளமாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் மன்னிக்க மாட்டேன்.
'அந்தக் கடைசிக் கதவை அவள் திறந்திருக்கக் கூடாது'
என்று எழுதிவிட்டீர்கள்.
போகிற போக்கில், அடைப்புக்குறிக்குள்.
படித்த அன்றைக்கே திட்டினேன்,
பஸ்ஸில் பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார்.

நேற்று அந்தக் கதவு வந்துவிட்டது.
சாதாரணக் கதவு. பச்சை பெயிண்ட், கீழே உரிந்திருக்கிறது.
கட்டைவிரல் பொத்தான்மேல்.
அமுக்கவில்லை.
தயங்கியது நானா, நீங்களா?
உங்கள் மழை, உங்களை விட்டுப் போனவர்,
எல்லாம் அங்கே
எனக்கும் கதவுக்கும் நடுவில்
நின்றுகொண்டிருந்தது.

இன்னும் திறக்கவில்லை.
விடிகாலை பெல்லாரி லோடு வருகிறது, படுக்கணும்.

அடுத்த தடவை,
கரண்டைப் பற்றி ஒரு வரி.