சான்றாவணம் நான்கு

காட்பாடி மேம்பாலத்தில்
மூன்றாவது முறையும் நின்றது.
பின்னால் ஹாரன்கள்.
அவர் இறங்கித் தள்ள, நான் ஸ்டியரிங்கில்.

"டாக்டர் ஓட்டின வண்டி மேடம்,
ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான்" என்றிருந்தார்
கிரீன் சர்க்கிள் பக்கம் கடை போட்டிருக்கும் சம்பங்கி.
நாற்பத்திரண்டாயிரம் என்றது மீட்டர்.
மீட்டருக்கு என்ன,
சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும்.

மெக்கானிக் முக்தியார் மேட்டை உரித்தார்.
சீட்டு நகரும் தண்டில் சேறு,
காய்ந்து, பாளம் பாளமாய்.
"எங்கேயோ வெள்ளத்துல முழுகினது"
கண்ணாடி உயரத்துக்குக் கை காட்டினார்.

பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்தவள்.
எனக்குத் தண்ணீர்
இப்படித்தான் வரவேண்டுமா,
ஐந்து வருஷத் தவணையில்?

சத்துவாச்சாரி, நுகர்வோர் ஆணையம்.
அவர்கள் வக்கீல் ரசீதை நீட்டுகிறார்.
எறும்பெழுத்தில் 'உள்ளது உள்ளபடி'.
கீழே என் கையெழுத்து.

ஐயா, நானும் அதைத்தான் கேட்கிறேன்.
உள்ளதை
உள்ளபடி
எப்போது சொன்னார்?

ஜிப் கவரில் கொண்டுபோன சேற்றை
மேசைமேல் வைத்தேன்.
எண் போட்ட எழுத்தர்
ஓரத்தில் கசிந்த தூசியை
பேன்ட்டில் துடைத்துக்கொண்டு
அடுத்த வாய்தா சொன்னார்.

வெளியே வந்து
பழைய பஸ் ஸ்டாண்டு பஸ்ஸுக்கு நின்றோம்.
டிக்கெட்டைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்,
ஐந்தாவதற்கு.